கால் நனைக்காத மாமா

கடற்கரைக்குப் போனால் எல்லோரும் கடலைப் பார்ப்பார்கள். நான் ஆண்களின் கால்களைப் பார்ப்பேன். பேண்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு அலைக்குள் இறங்குகிறவர்கள், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓரமாக நடக்கிறவர்கள், குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறவர்கள் என்று ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே போவேன். எங்கேயாவது ஒருவர் காய்ந்த மணலிலேயே நின்றுகொண்டு, பெண்டாட்டி பிள்ளைகள் கூப்பிடக் கூப்பிட, ‘நீங்க போங்க, நான் இங்கயே இருக்கேன்’ என்று மழுப்பினால் நான் அங்கேயே நின்றுவிடுவேன். அவருக்குச் சளி பிடித்திருக்கலாம். புதுப் பேண்டாக இருக்கலாம். அது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அவர் மனைவி எங்கே நிற்கிறாள், அவள் முகம் எப்படி இருக்கிறது என்று என் கண் தேடும். அறுபது வயதைத் தாண்டியும் இந்தப் புத்தி போகவில்லை. எனக்கு இந்தப் புத்தியைக் கொடுத்தவர் என் அத்தையின் கணவர்.

அறுபதுகளின் கடைசியில் நாங்கள் அம்பத்தூரில் குடியிருந்தோம். ஒரே காம்பவுண்டுக்குள் எங்கள் வீடும் அத்தை வீடும் எதிரெதிரே இருந்தன. அத்தை என் அப்பாவின் கூடப்பிறந்த தங்கை. அப்பாவுக்கு ஆவடியில் வேலை. மாமா அம்பத்தூர் எஸ்டேட்டில், அதாவது தொழிற்பேட்டையில், ஒரு சின்னக் கம்பெனியில் கடைசல் பிடிக்கிற டர்னராக இருந்தார். இரண்டு பேருடைய அப்பன்களும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்கு வரப்பு அண்டை வெட்டியவர்கள். இவர்கள்தான் முதன்முதலில் ஆலைச் சங்குச் சத்தத்துக்கு எழுந்து, சோற்றுத் தூக்கை சைக்கிளில் மாட்டிக்கொண்டு போனவர்கள். அந்தப் பெருமை இருவருக்கும் உண்டு. அப்பா அதை மனசுக்குள் வைத்துக்கொள்வார், மாமா சட்டைக் காலரில் வைத்துக்கொள்வார். தினமும் மழமழவென்று சவரம் செய்த முகம், எண்ணெய் வைத்து ஏற்றி வாரிய கிராப்பு, மடிப்புக் கலையாத சட்டை. மாமா தெருவில் நடந்தால் எனக்கே பெருமையாக இருக்கும்.

மாமாவுக்கு சாமி, சடங்கு, சகுனம் எதுவும் ஆகாது. கல்யாணத்தையே ஐயர் இல்லாமல், மேடையில் ஒருவரைப் பேச வைத்துச் செய்துகொண்டவர். கிரகணம் பிடிக்கிற நேரமாகப் பார்த்து வாசலில் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிடுவார். பூனை குறுக்கே போனால் கூப்பிட்டுப் பால் ஊற்றுவார். அவர் அடிக்கிற கேலியில் காம்பவுண்டே சிரிக்கும். திட்டுவதற்கென்று வாயைத் திறந்த பெண்கள்கூடச் சிரித்துவிட்டுத்தான் திட்டுவார்கள். சும்மா வாய்ச்சொல் வீரர் என்றும் சொல்லிவிட முடியாது. ஒரு மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஏரியில் விழுந்துவிட்டது. ஊரே கரையில் நின்று கத்திக்கொண்டிருக்க, மாமா போட்டிருந்த சட்டையோடு குதித்துத் தலைமுடியைப் பிடித்து இழுத்து வந்தார். எங்கள் பக்கத்தில் அவரைப் போல நீந்துகிற ஆள் வேறு யாரும் கிடையாது.

அத்தை இரண்டு முறை உண்டானாள். எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம். இன்றைக்கும் பல வீடுகளில் இருக்கிறது. பெண்டாட்டி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன் முடி வெட்டக் கூடாது, சவரம் செய்யக் கூடாது, பாடை தூக்கக் கூடாது, மலை ஏறக் கூடாது, கடலில் கால் வைக்கக் கூடாது. தெருவில் ஒரு ஆள் தாடியோடு திரிந்தால், ‘இன்னாப்பா, ஊட்ல விசேஷமா’ என்று கேட்பார்கள். மாமாவிடம் இதைச் சொன்னால் கேட்பாரா? முதல் முறை அத்தை உண்டானபோது, சொன்ன மறுநாளே போய்ப் புதுசாக கிராப்பு வெட்டிக்கொண்டு வந்தார். பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் செத்ததற்கு முன்னால் போய்த் தோள் கொடுத்தார். கம்பெனிக் கூட்டாளிகளோடு மெரினாவுக்குப் போய் நாள் முழுக்கக் கடலில் ஆடிவிட்டு, காதுக்குள் மணலோடு வந்து நின்றார். அத்தை அழுதாள். ‘என் முடிக்கும் உன் வயித்துக்கும் இன்னா கனெக்ஷன்? கடலு இன்னா உன் மாமியாரா, கோச்சுக்க?’ என்று மாமா கேட்டாராம். இதை அம்மா எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள். அந்தக் குழந்தை எட்டாம் மாதத்தில் செத்துப் பிறந்தது. இரண்டாவது முறையும் அத்தை கெஞ்சினாள், மாமா சிரித்தார், குழந்தை செத்தே பிறந்தது. அதற்குப் பிறகு அத்தைக்கு எதுவும் தங்கவில்லை.

மாமா சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பின்னாளில் நான் நர்ஸுக்குப் படித்துப் பிரசவ வார்டிலேயே காலம் தள்ளியவள். அந்த வார்டு வாசலில் தாடியோடு நின்ற புருஷன்மார்களையும் பார்த்திருக்கிறேன், மழமழவென்று நின்றவர்களையும் பார்த்திருக்கிறேன். உள்ளே பிள்ளை பிழைப்பதற்கும் வெளியே இருக்கிற தாடிக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? அந்தாள் அடங்காமல் ஆடினான், அதனால்தான் இவள் வயிறு வெறுமையாகக் கிடக்கிறது என்று பேசினார்கள். யாராவது அத்தை முன்னாலேயே மாமாவைக் குறை சொன்னால் குடத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுவாள்.

எனக்குப் பத்து வயது, தம்பிக்கு நாலு வயது இருக்கும்போது அத்தைக்குத் திடீரென்று கடல் பைத்தியம் பிடித்தது. பிள்ளைகளுக்குக் கடல் காட்ட வேண்டும், ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் மெரினாவுக்குப் போகலாம் என்று ஆரம்பித்தாள். இத்தனைக்கும் அவளே கடலைப் பார்த்தது பஸ் ஜன்னல் வழியாகத்தான். எங்களுக்காகத்தான் சொல்கிறாள் என்று அப்பா நினைத்தார். அம்மாவுக்கு மட்டும் உண்மை தெரியும். அந்த வருஷம் முழுக்க மாமா வீடு தங்குவதில்லை. ஓவர்டைம் என்பார், கம்பெனிக்காரர் வீட்டு விசேஷம் என்பார், ஞாயிற்றுக்கிழமையும் காலையிலேயே சைக்கிளை எடுத்துவிடுவார். ஒரே ஒரு நாள், காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும், அவர் தன் கண் முன்னால் இருக்க வேண்டும் என்பதுதான் அத்தையின் கணக்கு. நடுவில் பிள்ளைகள் இருந்தால் அவர் பழையபடி சிரிப்பார், தண்ணீரில் இறங்கினால் பழைய ஆளாகிவிடுவார் என்று அம்மாவிடம் சொன்னாளாம். அந்த ஒரு நாளைத்தான் அவள் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு கல்யாணத்துக்கே அவ்வளவு ஏற்பாடு செய்திருக்க மாட்டார்கள். புளிசோறு யார் கிளறுவது, முட்டை அவித்து எடுத்துப் போவதா அல்லது உருளைக்கிழங்கு வறுவலா, குடிக்கத் தண்ணீர் எதில் என்று வாரக்கணக்கில் பேச்சு ஓடியது. பிள்ளைகள் கூட்டத்தில் காணாமல் போய்விட்டால் என்ன செய்வது என்று அத்தைக்கு ஒரே கவலை. யார் யாரைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று தீர்மானம் ஆனது. நான் அத்தை கையில், தம்பி மாமா கையில். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தண்ணீர் என்றாலே நடுக்கம், அவர்கள் சோற்றுக்குக் காவல். இதோடு விடவில்லை. அலை வந்தால் எப்படிக் குதிக்க வேண்டும் என்று ஒத்திகை வேறு. அத்தை ஒரு பழைய நீலப் புடவையை எடுத்து வருவாள், ஒரு முனையை அவளும் மறுமுனையை அம்மாவும் பிடித்து, காம்பவுண்டு நடுவில் தரையோடு தரையாக உதறுவார்கள். புடவை புஸ்ஸென்று எழும்பி வரும்போது நானும் தம்பியும் கைகோத்துக் குதிக்க வேண்டும். தம்பி ஒவ்வொரு முறையும் அலை போன பிறகுதான் குதிப்பான். காம்பவுண்டுப் பிள்ளைகள் எல்லாம் வரிசையில் நின்று தங்களுக்கும் அலை வேண்டும் என்றார்கள். அத்தை அவ்வளவு சிரித்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

மாமா மட்டும் ஏதோ பேய் வீட்டுக்குக் கூப்பிட்ட மாதிரி நழுவினார். முதலில், பிள்ளைகளுக்கு உயிர் காலேஜ்தான் பிடிக்கும், சிங்கம் புலி எல்லாம் பார்க்கலாம் என்றார். மிருகக்காட்சிசாலையை அப்போது எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். மியூசியம் செத்த காலேஜ். உயிர் காலேஜ் வேண்டாம் என்றால் செத்த காலேஜாவது போகலாம் என்றார். கடல்தான் என்று அத்தை உறுதியாக நின்றதும், புயல் சின்னம் என்று ரேடியோவில் சொன்னான் என்றார். வானம் பளிச்சென்று இருந்தது. பிறகு, நான் வருகிறேன், ஆனால் தண்ணீரில் இறங்க மாட்டேன், மார்ச்சளி என்றார். சளிக்கு இருமல் வேண்டாமா? இருமல் எங்கள் யார் காதிலும் விழவில்லை.

அந்த நாட்களில் அவர் முகத்தில் தாடி வளர ஆரம்பித்திருந்தது. முடியும் காதை மூடிக் கழுத்தில் இறங்கியிருந்தது. கேட்டால், சவரக்கத்தி பட்டாலே முகம் தடித்துப்போகிறது, டாக்டர் கொஞ்ச நாள் விடச் சொல்லியிருக்கிறார் என்பார். ‘இன்னாண்ணே, யாரைக் காதலிச்சித் தோத்துட்டீங்க’ என்று அம்மா கிண்டல் செய்வாள். மாமா சிரிக்காமல் உள்ளே போய்விடுவார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். ஆனால் எங்கள் வீட்டில் மாதக்கணக்கில் அது மறைந்துதான் இருந்தது. சோற்றைப் போட்ட அத்தையே அதைப் பார்க்கவில்லை. வேறு எந்த ஆளாவது அப்படித் தாடி வளர்த்திருந்தால் ஊர் ஒரே நாளில் கணக்குப் போட்டிருக்கும். மாமாவைப் பற்றி யாருக்கும் அந்த எண்ணமே வராது. கிரகணத்தில் சாப்பிடுகிற ஆளாயிற்றே.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ரயிலில் சென்ட்ரல் போய், அங்கிருந்து பஸ் பிடித்து, மணலில் கால் வைத்தபோது வெயில் ஏறிவிட்டது. மணல் அவ்வளவு அகலமாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. நடந்துகொண்டே இருந்தோம், கடல் தள்ளித் தள்ளிப் போனது. சாய்த்து நிறுத்தியிருந்த கட்டுமரம் ஒன்றின் நிழலில் அம்மா போர்வையை விரித்துச் சோற்று அடுக்கைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அப்பா சுண்டல் வாங்கப் போனார். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு ஈர மணலுக்கு வந்தாள். முதல் அலை கணுக்காலைத் தொட்டதும் நான் அலறிய அலறலுக்கு அவளும் சேர்ந்து அலறினாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் அளவு இறங்கினோம். ஒத்திகையில் பழகியது எதுவும் உதவவில்லை. புடவை அலைக்குக் காலுக்கடியில் மண்ணை உருவத் தெரியாதே. ஆனாலும் அப்படி ஒரு சந்தோஷம்.

அத்தை திரும்பிப் பார்த்து மாமாவைக் கூப்பிட்டாள். அவர் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு மேட்டில், காய்ந்த மணலில் நின்றார். தம்பி அவரைக் கீழ்ப்பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தான். அவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். எப்போது கையை உதறினான் என்று தெரியாது, தம்பி எங்களைப் பார்த்து ஓடிவந்தான். அதே நேரத்தில் ஒரு பெரிய அலை வந்தது. என்னை அத்தை தூக்கிவிட்டாள். அலை மேட்டின் அடிவரைக்கும் போய்த் திரும்பியபோது தம்பி ஓடிவந்த இடத்தில் தம்பி இல்லை. நுரைக்குள் அவனுடைய சிவப்பு டிரவுசர் ஒரு முறை தெரிந்தது. திரும்புகிற தண்ணீர் அவனை உருட்டிக்கொண்டு போனது.

அவனுக்கு மிக அருகில் இருந்தவர் மாமா. ஏரியில் சட்டையோடு குதித்தவர். அவர் ஓடிவந்தார். ஈர மணல் தொடங்குகிற இடம்வரை ஓடிவந்தார். அங்கே நின்றார். இதை நான் யார் சொல்லியும் தெரிந்துகொள்ளவில்லை, என் இரண்டு கண்ணால் பார்த்தேன். ஒரு காலைத் தூக்கினார், அடுத்த அலை அந்தக் காலை நோக்கி வந்தது, கொதிக்கிற தோசைக்கல்லில் வைக்கப்போன மாதிரி அந்தக் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டார். பின்னால் இரண்டு எட்டு வைத்தார். ‘புடி, புள்ளையப் புடி’ என்று கத்தினார். யாரைப் பார்த்துக் கத்தினார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எங்களில் நீச்சல் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். அந்த வயதில் பெரியவர்கள்மேல் எனக்கு இருந்த நம்பிக்கை எல்லாம் அந்த இரண்டு எட்டில் போய்விட்டது.

அத்தை என் கையை விட்டாள். புடவையோடு அப்படியே முன்னால் விழுந்தாள். அவளுக்கு நீச்சல் என்ன, ஏரியில் இடுப்பளவு இறங்கவே தெரியாது. இரண்டு முறை தண்ணீர் அவள் தலைக்கு மேலே போனது. தம்பியின் டிரவுசர்ப் பட்டை அவள் கையில் எப்படிச் சிக்கியது என்று அவளுக்கே தெரியாது. கட்டுமரத்தின் பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் பாய்ந்து வந்து அத்தையின் கொண்டையைப் பிடித்து இழுத்து, இருவரையும் சேர்த்துக் கரையில் போட்டார். தம்பியைக் குப்புறப் படுக்க வைத்து முதுகில் தட்டினார். தண்ணீராகக் கக்கிவிட்டு அவன் அழ ஆரம்பித்தான். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் அம்மாவுக்கு மூச்சே வந்தது. அவள் அவனை அள்ளிக்கொண்டு அடித்தாள், பிறகு முத்தம் கொடுத்தாள், மறுபடி அடித்தாள்.

சுண்டல் பொட்டலங்களோடு ஓடிவந்த அப்பா மாமாவைப் பார்த்துக் கத்தினார். பிள்ளை உன் கையில்தானே இருந்தான், நீ எங்கே போனாய், நீந்தத் தெரிந்தவன் கரையில் நின்று வேடிக்கை பார்த்தாயா என்றார். அத்தை மணலில் உட்கார்ந்திருந்தாள். முடியிலிருந்தும் மூக்கிலிருந்தும் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. அவளும் முதலில் அப்பாவைப் போலத்தான் மாமாவைப் பார்த்தாள். பிறகு அவள் பார்வை அவருடைய காலுக்குப் போனது. எங்கள் எல்லோருடைய காலும் ஈரத்தில் மணல் அப்பிக் கிடக்க, அவர் கால் மட்டும் மாவு தூவிய மாதிரி காய்ந்து கிடந்தது. அங்கிருந்து அவள் கண் மெதுவாக மேலே ஏறியது. வேட்டி, சட்டை, கழுத்தில் புரண்ட முடி, தாடி. தாடியில் நின்றுவிட்டது. அவள் முகத்தில் நடந்ததை எனக்கு எழுதத் தெரியவில்லை. செத்தவர்கள் முகத்தை எத்தனையோ பார்த்துவிட்டேன், உயிரோடு இருக்கிற ஒரு முகம் அப்படிப் போனதை அன்றைக்கு மட்டும்தான் பார்த்தேன்.

“எத்தினி மாசம்?” என்று கேட்டாள்.

அப்பாவுக்குப் புரியவில்லை. தண்ணீர் குடித்ததில் புத்தி கலங்கிவிட்டதென்று நினைத்து அவள் தோளைப் பிடித்து உலுக்கினார். எனக்கும் புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. தம்பியை இறுக்கிக்கொண்டு மற்றொரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமா கடலைப் பார்த்துக்கொண்டே, “ஆறு” என்றார்.

“எங்க?”

“தின்னனூர்ல.”

திருநின்றவூரை எங்கள் பக்கம் தின்னனூர் என்றுதான் சொல்வார்கள். எங்கள் ஸ்டேஷனைத் தாண்டி, ஆவடியையும் தாண்டினால் அதே ரயிலில் வந்துவிடும். கடைசியில் ஓவர்டைம் கம்பெனி அங்கேதான் இருந்திருக்கிறது. அப்பாவுக்கு இப்போதுதான் உறைத்தது. சுண்டலை மணலில் வீசிவிட்டு மாமாவின் சட்டையைப் பிடித்தார். மாமா தடுக்கக்கூட இல்லை. கூட்டம் கூட ஆரம்பித்தது. அத்தை எழுந்து வந்து அப்பாவின் கையைப் பிரித்துவிட்டாள். புள்ளைங்க பசியோட கீதுங்க என்றாள். பிறகு நடந்ததுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது. ஈரப்புடவையோடு போர்வையில் உட்கார்ந்து, அடுக்கைப் பிரித்து, எல்லோருக்கும் புளிசோறு போட்டாள். மாமாவுக்கும் போட்டாள். முட்டையை உரித்து அவர் தட்டில் வைத்தாள். அப்பாவும் அம்மாவும் ஒரு வாய்கூட உண்ணவில்லை. மாமா மட்டும் கொடுத்ததைச் சாப்பிட்டார்.

திரும்புகிற ரயிலில் தம்பி அத்தை மடியில் தூங்கிப்போனான். வில்லிவாக்கம், கொரட்டூர் எல்லாம் வந்து போயின. அம்பத்தூரில் வண்டி நின்றதும் அம்மா என்னை இறக்கினாள், அப்பா தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். மாமா காலி அடுக்கைத் தூக்கிக்கொண்டு கதவருகே வந்தார். அத்தை இறங்கி, திரும்பி நின்று அவர் கையிலிருந்து அடுக்கை வாங்கிக்கொண்டாள்.

“நீ எறங்க வேணா. அங்க அந்தப் பொண்ணு தனியா கீதுல்ல.”

குரலில் கோபமே இல்லை. வண்டி கிளம்பிவிட்டது. மாமா கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போனார். வண்டி மறையும்வரை அத்தை பார்த்துக்கொண்டு நிற்பாள் என்று நினைத்தேன். அவள் நிற்கவில்லை. எங்களுக்கு முன்னால் விடுவிடுவென்று நடந்தாள்.

பிறகு பேச்சுவார்த்தை, பஞ்சாயத்து எல்லாம் நடந்தன. மாமா நாலைந்து முறை வந்து வாசலில் நின்றார். இரண்டு வீட்டையும் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அந்தக் காலத்தில் அது பெரிய அதிசயம் இல்லை. எங்கள் தெருவிலேயே அப்படி இருவர் இருந்தார்கள். அத்தைதான் ஒப்பவில்லை. எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் திருகாணி பொட்டலம் கட்டுகிற வேலைக்குப் போனாள். தின்னனூரில் பிள்ளை பிறந்தது, ஆண் பிள்ளை, நல்ல ஆரோக்கியம் என்று சேதி வந்தது. ஊர் வாய்க்கு வேறென்ன வேண்டும்? பார்த்தாயா, இந்தத் தடவை அவன் அடங்கி இருந்தான், பிள்ளை தங்கிவிட்டது, இவளிடம் இருக்கும்போதே இருந்திருந்தால் இவளுக்கும் இரண்டு பிள்ளைகள் இருந்திருக்கும் என்று அத்தை காதுபடவே பேசினார்கள். இரக்கப்பட்டுத்தான் பேசினார்கள். அந்த இரக்கத்துக்கு விளக்குமாற்றால் அடித்திருக்கலாம். அத்தை குடத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள், முன்பு மாமாவைக் குறை சொன்னபோது போனது போலவே.

எனக்கு அது மனதில் முள்ளாகக் கிடந்தது. எழுபதுகளின் நடுவில் நர்ஸ் படிப்பில் சேர்ந்தேன். பிரசவப் பாடம் நடத்தியபோது, கர்ப்பத்தில் கால் வீக்கம், தலைவலி, கண் இருட்டுவது, ரத்தக் கொதிப்பு, எட்டாம் மாதத்தில் குழந்தை வயிற்றிலேயே இறப்பது என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல எனக்கு அத்தைதான் நினைவுக்கு வந்தாள். விடுமுறைக்கு வந்ததும் அத்தையைப் பிடித்து உட்கார வைத்துக் கேட்டேன். இரண்டு முறையும் கால் வீங்கியதா? வீங்கியது, மெட்டி கழற்ற முடியாமல் போனது என்றாள். தலைவலி? மண்டையைப் பிளந்தது என்றாள். எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு சின்ன விஷயம். யாராவது ஒருவர் அவள் கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்திருந்தால் போதும். அது உன் உடம்பில் இருந்த ரத்தக் கொதிப்பு அத்தை, அந்த ஆள் முடி வெட்டியதாலும் வரவில்லை, கடலில் குளித்ததாலும் வரவில்லை, ஊர் பேசுவதெல்லாம் பொய் என்று படபடவென்று சொன்னேன். இத்தனை வருஷம் அவள் தூக்கிச் சுமந்த கல்லை இறக்கி வைக்கிறேன் என்று எனக்கு நினைப்பு.

அத்தை அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நான் பேசி முடிக்கும்வரை கை நிற்கவில்லை. பிறகு முறத்தைக் கீழே வைத்தாள்.

“கடலுக்கும் வயித்துக்கும் இன்னா சம்பந்தம் கீது? அது எனக்கு அப்பவே தெரியும்டி” என்றாள். “அவுரு அன்னிக்கு பயந்தாரு பாரு, அத நான் பார்த்தேன். அலை வர்றப்ப தூக்குன கால பின்னால இழுத்துக்கினாரு. அப்பிடி ஒரு பயம் அந்தாளுக்கு வரும்னே எனக்குத் தெரியாது. என் வயித்துல இருந்தது ரெண்டுக்கும் அவுரு ஒரு நாளுகூட பயந்தது இல்லியே.”

அத்தை முறத்தை எடுத்து மறுபடியும் புடைக்க ஆரம்பித்தாள்.